கணக்கு வைக்கும் கொடி

ரோமப் பேரரசர் திபேரியஸின் உணவில் வெள்ளரிக்காய் இல்லாத நாளே இல்லை என்று ரோம எழுத்தாளர் பிளினி குறித்துவைத்திருக்கிறார். கோடையில் அது பெரிய காரியமில்லை. குளிர்காலத்திலும் அவர் கேட்டதுதான் தோட்டக்காரர்களுக்குத் தலைவலி. பாத்திகளைச் சக்கரம் வைத்த பெட்டிகளில் அமைத்து, வெயில் விழும் இடத்துக்கெல்லாம் தள்ளிக்கொண்டு போனார்கள். குளிர் கடுமையானால், ஒளி ஊடுருவும் கல்லைத் தகடாகச் சீவிச் செய்த மூடிகளுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். பேரரசர் சாப்பிட்டது இன்றைய வெள்ளரிதானா என்பதிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ஹாரி பாரிஸ், ஜூல்ஸ் ஜானிக் போன்ற ஆய்வாளர்கள் பழைய ஓவியங்களையும் நூல்களையும் ஒப்பிட்டு, அது முலாம்பழ இனத்தைச் சேர்ந்த நீண்ட காய் என்று வாதிடுகிறார்கள். வட இந்தியத் தெருக்களில் இன்று ககடி என்று விற்கிறார்களே, அதன் உறவு. உண்மையான வெள்ளரியின் காட்டு மூதாதை இமயமலை அடிவாரத்தில் வளர்கிறது. எதுவானாலும் இரண்டும் சூடான மண்ணில் பிறந்தவை. காற்று 12 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கினால் வெள்ளரி வளர்வதை நிறுத்திவிடும். அந்த நிலை நீடித்தால் கொடியே கெட்டுவிடும்.

திபேரியஸின் சக்கரப் பெட்டியில் தொடங்கி இன்றைய கணினியில் முடிக்கும் ஓர் ஏணியாகவே வெள்ளரிப் பசுமைக்குடிலின் வெப்பநிலை வரலாற்றை எழுதுவது வழக்கம். படிக்குப் படி மனிதனின் பிடி இறுகிக்கொண்டே போகிறது. முடிவில் காற்று அவன் சொன்ன டிகிரியில் நிற்கிறது. கருவிகளின் கதையாகப் பார்த்தால் இது சரிதான். அறிவின் கதையாகப் பார்த்தால் ஏணி பல இடங்களில் கீழ்நோக்கி வளைகிறது. எரிபொருள் அருமையாக இருந்த காலங்களில் தோட்டக்காரர்கள் கொடியைக் கூர்ந்து கவனித்தார்கள். மலிந்த காலங்களில் சுவரில் தொங்கிய எண்ணைக் கவனித்தார்கள். ‘இந்தச் செடிக்கு இத்தனை டிகிரி’ என்ற நிலையான எண், மலிவான கரியும் எரிவாயுவும் பெற்ற பிள்ளை. அதற்கு முன்னும் பின்னும் இருந்த அறிவு வேறு மாதிரியானது.

முன்பு இருந்ததை முதலில் பார்க்கலாம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெள்ளரிக்கு அடுப்பு குதிரை லத்திதான். ஈரமான வைக்கோல் போருக்குள் கையை நுழைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். லாயத்திலிருந்து வந்த புது லத்தியையும் வைக்கோலையும் கலந்து குவித்து, நாற்றமும் கார ஆவியும் அடங்கும்வரை பலமுறை கிளறிவிட்டு, மூன்று நான்கு அடி உயரப் படுகையாக மிதித்து அமைப்பார்கள். மேலே மரச் சட்டம், அதற்குக் கண்ணாடி மூடி, உள்ளே மண். வெர்சாய் அரண்மனையின் காய்கறித் தோட்டத்தில் பதினான்காம் லூயிக்காக லா கெந்தினி பருவம் தவறிய காய்களை விளைவித்தது இந்த வழியில்தான். இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட் 1751இல் தொடங்கிய தோட்டக் குறிப்பேட்டில் வண்டி வண்டியாக வந்த சாணத்தின் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. கவிஞர் வில்லியம் கூப்பர் 1785இல் வெளியிட்ட நெடுங்கவிதையில் வெள்ளரிக்காகச் சாணப் படுகை போடும் வேலையைக் காவிய நடையில், பாதி கேலியாகவும் பாதி மரியாதையாகவும் விவரித்தார். சாணத்தைப் பற்றிக் காவியம் பாடும் அளவுக்கு அதில் சூட்சுமம் இருந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

சூட்சுமம் எங்கே என்றால், இந்த அடுப்பை அணைக்க முடியாது, கூட்டவும் குறைக்கவும் முடியாது. போட்ட சில நாட்களில் வேரையே வேகவைக்கும் அளவுக்குக் கொதிக்கும். பிறகு வாரக் கணக்கில் மெல்ல ஆறும். படுகைக்குள் ஒரு குச்சியைச் செருகிவைத்து, அவ்வப்போது உருவி, உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பதுதான் அளவை. ஆறும்போது பக்கவாட்டில் புது லத்தியை அணைத்துக் கட்டுவார்கள். வெயில் ஏறினால் மூடிக்கு அடியில் ஆப்பு வைத்து ஓரங்குலம் தூக்குவார்கள். பிற்பகலில், வெயில் இருக்கும்போதே, மூடியைச் சீக்கிரம் இறக்கிவிடுவார்கள். சிறைப்பட்ட வெயில் உள்ளே சூட்டை ஏற்றும், இரவில் அது மெல்ல இறங்கினாலும் பரவாயில்லை. இருட்டியதும் கண்ணாடியின் மேல் பாய் விரிப்பார்கள். ஒரு குறிப்பிட்ட டிகிரியை நாள் முழுக்கப் பிடித்துவைக்க வழியே இல்லாததால், மதியம் கூடியதை இரவுக்கும், இன்று குறைந்ததை நாளைக்கும் வரவு வைத்துப் பழகினார்கள். ‘சராசரி’ என்ற சொல்லை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பகலில் வாங்கி இரவில் கொடுக்கும் அந்த வேலைமுறை சராசரியை நம்பித்தான் ஓடியது.

இவர்களுக்கு வெப்பமானி தெரியாமல் இல்லை. ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இல் வெளியிட்ட நூலில் மண்ணுக்குள் வெவ்வேறு ஆழத்தில் வெப்பமானிகளைப் புதைத்துப் பார்த்த சோதனைகள் இருக்கின்றன. அக்காலத்து லண்டன் தோட்ட வெப்பமானி ஒன்றில் எண்களோடு செடிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன: அன்னாசிக்கு ஓர் இடம், கற்றாழைக்கு ஓர் இடம், ஆரஞ்சுக்கு அதற்கும் கீழே. ஒரு செடிக்கு ஓர் எண் என்ற எண்ணத்தின் விதை அங்கேயே விழுந்துவிட்டது. ஹேல்ஸின் நூலுக்கு முந்தைய ஆண்டுதான் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் கதைநாயகன் கலிவரை லகாடோ என்ற கற்பனை நகரின் அறிவியல் கழகத்துக்கு அனுப்பி, வெள்ளரிக்காயிலிருந்து சூரியக் கதிரைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைக்க எட்டு வருடமாக முயன்றுகொண்டிருக்கும் அறிஞரைப் பார்க்கவைத்தார். அந்தக் கதிரைக் குளிரான கோடையில் திறந்துவிட்டுக் காற்றைச் சூடாக்குவதாகத் திட்டம். கேலி அறிவியல் கழகங்கள் மேல்தான். ஆனால் ஒரு வெள்ளரிக்காயை விளைவிக்க எவ்வளவு சூடு செலவானது என்று தெரிந்த வாசகனுக்கு அந்தக் கேலி கூடுதலாக உறைத்திருக்கும்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சி என்று முதலில் தோன்றும் ஒரு நூலை இங்கே கூப்பிட வேண்டும். ஹாக்ஸ்பரி பிரபுவின் தோட்டக்காரர் ஜேம்ஸ் மக்பெய்ல் 1794இல் வெள்ளரி சாகுபடிக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். வருடத்தின் ஒவ்வொரு நாளும் கொடிக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று சொல்வதாக அதன் நீண்ட தலைப்பே அறிவித்தது. சாணத்தில் வளர்த்தவரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பிறகென்ன கரியின் மீது பழி என்று கேட்கலாம். ஆனால் தலைப்பின் அடுத்த பகுதியையும் பார்க்க வேண்டும். அதே நூல் வானிலை நாட்குறிப்பு ஒன்றையும் சேர்த்தே தருகிறது. வெளியே மேகமா வெயிலா, காற்றா உறைபனியா என்பதோடு சேர்த்துத்தான் உள்ளே டிகிரி. ஒரே எண் போதும் என்று நம்பியவர் வருடம் முழுக்க நாளுக்கு நாள் எழுத மாட்டார். மக்பெய்லின் இன்னொரு பங்களிப்பும் இதே போக்கில்தான். துளைகள் விட்டுக் கட்டிய செங்கல் சுவருக்கு வெளியே லத்தியை அடுக்கி, சூடு மட்டும் கொடியைச் சேர, கெட்ட ஆவி நேரடியாகத் தாக்காதபடி அவர் ஒரு குழிப்படுகையை வடிவமைத்தார். எரிபொருளின் குணத்தை அறிந்தவரின் வேலை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சுடுநீர்க் குழாய்கள் தோட்டங்களுக்குள் வந்தன. நூறு வருடமாக எடைக்கு எடை விதிக்கப்பட்டுவந்த கண்ணாடி வரி 1845இல் பிரிட்டனில் நீக்கப்பட்டது. ரயில் கரியைக் கொண்டுவந்தது. ரயிலின் தந்தை என்று புகழப்படும் ஜார்ஜ் ஸ்டீபன்சனே செஸ்டர்ஃபீல்டு அருகில் டாப்டன் மாளிகையில், சூடேற்றிய கண்ணாடி வீடுகளில், ஓய்வுக்காலத்தைக் கழித்தார். வளைந்து வளரும் வெள்ளரியைக் கண்ணாடிக் குழல்களுக்குள் விட்டு நேராக்கிக் காட்டியது அவருடைய பெருமைகளில் ஒன்று. நீராவியை இரும்புக்குள் அடக்கியவருக்கு ஒரு பிஞ்சு வளைந்து நிற்பது பொறுக்கவில்லை போலும். இந்த வசதிகளோடு ஒரு புதிய பழக்கமும் வந்தது: இரவெல்லாம் கொதிகலனைக் கொழுந்துவிட்டு எரியவிடுவது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி 1840இல் வெளியிட்ட தோட்டக்கலைக் கோட்பாட்டு நூலில், எந்த நாட்டிலும் இயற்கையில் இரவு பகலைவிடக் குளிர்ந்தது, கண்ணாடி வீட்டில் மட்டும் ஏன் வெந்துகொண்டிருக்கிறது என்ற பொருளில் கண்டித்தார். அந்தக் கண்டனத்துக்குத் தேவை ஏற்பட்டதே எனக்குச் சாட்சி. சாணப் படுகைக்காரரிடம் யாரும் இதைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் இரவில் சூட்டை ஏற்ற நினைத்தாலும் முடியாது.

லண்டனுக்கு வடக்கே லீ பள்ளத்தாக்கில் இது தொழிலாகப் பெருகியது. நகரச் சந்தை பக்கத்தில், கரி வந்திறங்க ஆறும் ரயிலும். ராச்ஃபோர்ட் போன்ற குடும்பங்கள் ஏக்கர் கணக்கில் கண்ணாடி போட்டன. 1930களில் உலகிலேயே கண்ணாடி வீடுகள் மிக நெருக்கமாக நின்ற இடம் அதுதான் என்று சொல்லப்பட்டது. இங்கே வெள்ளரி வளர்ந்த விதம் ஒரு துருக்கியக் குளியலறைக்கு ஒப்பானது. பாதையிலும் சுவரிலும் தண்ணீர் தெளித்து ஈரத்தை ஏற்றுவார்கள், கூரைத் திறப்புகளை இறுக்கி மூடுவார்கள், கோடையில் கண்ணாடிக்கு வெள்ளை பூசுவார்கள், இரவிலும் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். சாணமும் வைக்கோலும் முற்றாகப் போய்விடவில்லை. கொடியை நட்டது அந்தப் படுகையின் மேல்தான். அது வேருக்குக் கொடுத்த சூட்டைக் காட்டிலும் காற்றுக்குக் கொடுத்த கரியமிலவாயுதான் விளைச்சலுக்குப் பெரிதும் உதவியது என்பது பின்னால் தெரிந்தது. அறியாமல் செய்த நன்மை.

அடுத்த திருப்பம் நெதர்லாந்தில். 1959இல் குரோனிங்கன் மாகாணத்தின் ஸ்லோக்டரன் ஊரருகே பிரமாண்டமான எரிவாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வெஸ்ட்லாந்துப் பகுதியின் குடில் தோட்டக்காரர்கள் கரியையும் எண்ணெயையும் விட்டு எரிவாயுவுக்கு மாறினார்கள். கரி அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். எரிவாயுவுக்கு ஒரு குமிழைத் திருகினால் போதும். புகை சுத்தமாக இருந்ததால் அதையே குடிலுக்குள் விட்டு இலைகளுக்குக் கரியமிலவாயு கொடுக்க முடிந்தது. தெர்மோஸ்டாட்டில் பகலுக்கு ஓர் எண், இரவுக்கு ஓர் எண். தென்கோடியில் புயல் அடித்தாலும் வடக்கில் பனி பெய்தாலும் உள்ளே அதே எண். ஒரு செடிக்கு ஓர் எண் என்று பதினெட்டாம் நூற்றாண்டு வெப்பமானியில் பொறித்த கனவு முழுமையாக நிறைவேறியது இங்கேதான்.

இங்கே ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது. கட்டுப்பாடு கையில் வந்ததால்தானே கொடியின் இயல்பைச் சோதிக்கவே முடிந்தது? நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் வென்ட், பகலும் இரவும் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் தக்காளி நன்றாக வளர்கிறது என்று 1944இல் காட்டினார். அதற்கு எரிபொருள் பஞ்சம் எதுவும் தூண்டுகோலாக இருக்கவில்லை. 1949இல் பாசடீனாவில் காற்று, ஒளி, ஈரம் எல்லாவற்றையும் ஆளக்கூடிய ஆய்வகத்தையும் அவர் அமைத்தார். மறுப்பின் முதல் பாதியை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அளக்கவும் நிறுத்திவைக்கவும் முடியாத இடத்தில் ஆராய்ச்சி நடக்காது. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். வென்ட்டின் முடிவைத் தொழில் எப்படி வாங்கிக்கொண்டது? பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு சரியான எண்களைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்றுதான். ஓர் எண்ணின் இடத்தில் இரண்டு வந்தன, அவ்வளவே. அந்த எண்களிலிருந்து விலகினால் கொடிக்கு உண்மையில் என்ன ஆகும் என்று கேட்க, எரிவாயு மலிவாக இருந்தவரை, யாருக்கும் அவசரமில்லை.

அவசரம் 1973 அக்டோபரில் வந்தது. எண்ணெய் விலை சில மாதங்களில் பல மடங்கானது; எரிவாயு விலையும் பின்தொடர்ந்தது. கொடி எதைக் கேட்கிறது, எதை மன்னிக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் காசுக்குரிய கேள்வியாயிற்று. ஹ்யூகோ ஹல்லா 1976இல் நெதர்லாந்தின் வாகனிங்கனில் அளித்த ஆய்வேடு, வெள்ளரி இலை பகலில் சேர்த்த மாவுச்சத்தும் சர்க்கரையும் இரவில் எப்படிக் கரைகின்றன என்பதை மணிக்கு மணி பின்தொடர்ந்தது. குளிர்காலத்தின் மங்கிய பகலில் கையிருப்பு சிறியது. விடிவதற்கு முன்பே அது தீர்ந்துவிடலாம். கையிருப்பே இல்லாத கொடிக்கு இரவின் பிற்பகுதியில் கொடுக்கும் சூடு வீண். இங்கிலாந்தின் லிட்டில்ஹாம்ப்டன் ஆய்வு நிலையத்தில் ஸ்லாக், ஹாண்ட் இருவரும் பகல், இரவு வெப்பநிலைகளைப் பல விதமாகக் கலந்து வெள்ளரியை வளர்த்து, 1983இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்க விளைச்சலைத் தீர்மானித்தது 24 மணி நேரச் சராசரி. அதைப் பகலில் கொடுத்தாலும் இரவில் கொடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. கொடி மணிக்கு மணி எண்ணைப் பார்க்கவில்லை, நாள் முடிவில் கூட்டிப் பார்க்கிறது. பிற்பகலில் மூடியை இறக்கி வெயிலைச் சிறைப்பிடித்த பழைய தோட்டக்காரர் செய்ததற்கு அளவுகோல் வைத்த நிரூபணம் இருநூறு வருடம் கழித்துக் கிடைத்தது.

அதிலிருந்து ஒரு புதிய வேலைமுறையே பிறந்தது. வெயில் இலவசமாக வரும்போது திறப்புகளை உடனே திறந்து அதை விரட்டாமல், காற்று சில டிகிரி கூடுதலாக ஏற விடுவது. அந்த உபரியை இரவில் கொதிகலனைத் தணித்து ஈடுகட்டுவது. காற்றடிக்கும் இரவில் கண்ணாடி வழியே சூடு வேகமாக ஒழுகும். அன்று குறைவாக எரித்து, காற்று அடங்கிய இரவில் சேர்த்துக் கொடுப்பது. அந்தி சாய்ந்ததும் கூரைக்கு அடியில் திரையை இழுத்து மூடுவது. அந்தத் திரை பழைய பாயின் பேரன் என்றால் மிகையில்லை. 1970களின் நடுவிலிருந்து குடில்களுக்குள் வந்த கணினி இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்தது. கரியமிலவாயுவுக்காகப் பகலில் எரித்த எரிவாயுவின் சூட்டைப் பெரிய நீர்த்தொட்டிகளில் சேமித்து இரவில் குழாய்க்கு அனுப்பும் பழக்கமும் பரவியது.

சராசரிக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் வாதம் நேர்மையாகாது. கொடி எதையும் கூட்டிக்கொள்ளும் என்று நினைத்து இரவில் 12 டிகிரிக்கு விட்டால் மறுநாள் 30 கொடுத்தும் மீட்க முடியாது. மேல் பக்கம் 35ஐத் தாண்டினாலும் அப்படித்தான். அதைவிட நடைமுறையில் தொல்லை தருவது ஈரம். குளிர்ந்த இரவுக்குப் பின் விடியலில் காற்றைச் சட்டென்று சூடாக்கினால், கனமான காய் அதே வேகத்தில் சூடாகாது. அதன் தோலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில்தான் சாம்பல் பூஞ்சாணமும் தண்டழுகலும் புகும். அதனால் சூரியன் எழுவதற்கு முன்பே குழாயை மெல்ல முடுக்க வேண்டும். இந்த அச்சத்தால் கோடையில்கூடக் குழாயை ஒருபோதும் முழுதாக ஆறவிடாத தோட்டக்காரர்கள் இருந்தார்கள். சேமிப்பில் ஒரு பகுதி இங்கே மறுபடி கரைந்தது. ஆனாலும் இந்த எல்லைகளையே பாருங்கள்: எவ்வளவு இறங்கலாம், எவ்வளவு ஏறலாம், எந்த வேகத்தில் ஏறலாம் என்ற கேள்விகளுக்கு விடை தேடியதும் சிக்கனம் வந்த பிறகுதான் தீவிரமடைந்தது.

இன்னொரு மறுப்பு கணக்குப் புத்தகத்திலிருந்து வரும். சாணப் படுகைக்காரர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தால் என்ன, அவர் விளைவித்தது பிரபுக்களின் மேசைக்குச் சில கூடைகள். இன்று நல்ல குடிலில் ஒரு சதுர மீட்டரில் வருடத்துக்கு 60 கிலோவுக்கு மேல் காய் எடுக்கிறார்கள். கூலித்தொழிலாளியும் சனவரியில் வெள்ளரி வாங்குகிறார். இது மெய், சிறிய சாதனையும் இல்லை. ஆனால் அந்த விளைச்சலை எரிவாயுவின் கணக்கில் மட்டும் எழுதக்கூடாது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகங்கள், மண்ணில்லா வளர்ப்பு, ஒட்டுக்கட்டு, கரியமிலவாயு எல்லாம் சேர்ந்த பலன் அது. மலிவு என்பதும் யாருக்கு மலிவு என்று கேட்க வேண்டியது. தோட்டக்காரர்களுக்கு நெதர்லாந்து கொடுத்த சலுகை எரிவாயு விலை அரசு மானியத்துக்குச் சமம் என்று ஐரோப்பிய ஆணையம் ஆட்சேபித்தது. தோட்டக்காரர்கள் தொடுத்த வழக்கை ஐரோப்பிய நீதிமன்றம் 1988 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. வாயுவை உறிஞ்சிய குரோனிங்கனில் நிலம் நடுங்கத் தொடங்கியது. 2012 ஆகஸ்டில் ஹைசிங்க ஊரருகே 3.6 அளவில் ஒரு நில அதிர்வு வந்து, விவாதத்தை அந்தப் படுகையை மூடும் பக்கம் திருப்பியது. 2023 அக்டோபரில் எரிவாயு எடுப்பது நிறுத்தப்பட்டது.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில், உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியபோது, வெஸ்ட்லாந்திலும் லீ பள்ளத்தாக்கிலும் பல தோட்டக்காரர்கள் குடிலை வெறுமையாக விட்டார்கள், அல்லது வழக்கமாகப் புத்தாண்டை ஒட்டி நடும் வெள்ளரியை வசந்தம் வரை தள்ளிவைத்தார்கள். அதோடு ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் குளிர் விளைச்சலைக் கெடுத்தது. 2023 பிப்ரவரியில் பிரிட்டனின் பெரிய கடைகள் சிலவற்றில் ஒருவருக்கு மூன்று வெள்ளரிக்காய்க்கு மேல் கிடையாது என்று பலகை தொங்கியது. திபேரியஸின் தோட்டக்காரர்கள் அந்தப் பலகையைப் படித்திருந்தால், சக்கரப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெயிலைத் தேடிப் போயிருப்பார்கள்.